ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி: தமிழ் கீபோர்டைக் கழற்றி எடுத்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு பென் டிரைவ்ல ஆரம்பிக்குது.

காரவள்ளி அடிவாரத்துல இருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவு. பைக்ல போனேன், மேல போய்ச் சேர்றதுக்குள்ள தலை சுத்திடுச்சு. செம்மேட்டுல இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீடு. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால 'சார்'னே சொல்றேன். என் நண்பனுக்குச் சின்ன வயசுல பாடம் எடுத்தவர்.

20 வருஷத்துக்கு முன்னாடி சார் ஒரு வேலை பண்ணியிருக்கார். ஸ்கூல் பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பி, பாட்டிகிட்ட கேட்டு, மலையில விளைஞ்ச பயிர் ரகங்களோட பேரையெல்லாம் எழுதிட்டு வரச் சொன்னார். கொல்லிமலையில சாமைன்னா ஒரே சாமை கிடையாது. கட்டவெட்டிச் சாமை, மல்லிச் சாமை, பெருஞ்சாமை. கேழ்வரகுல சுண்டாங்கி கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு. தினையில செந்தினை, பெருந்தினை. மரவள்ளிக்கிழங்குல காசு நல்லா வருதுன்னு நிலமெல்லாம் அதுக்கு மாறினப்போ இந்த ரகங்கள் ஒண்ணொண்ணா வயலை விட்டுப் போச்சு. பேராவது இருக்கட்டும்னு சார் நினைச்சார். ஞாயித்துக்கிழமையானா மலை இறங்கி, நாமக்கல்ல ஒரு டிடிபி சென்டர்ல உக்காந்து அவரே டைப் பண்ணினார். அவர் தமிழ் தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணவர்.

"இதை மட்டும் திறந்து குடுத்துடுங்க தம்பி. பசங்களுக்கு ஒரு சின்ன புத்தகமா போட்டுரலாம்."

லேப்டாப்ல போட்டேன், ஃபைல் திறந்துச்சு. ஆனா தமிழ் ஒரு எழுத்து இல்ல. நாலு பக்கமும் ஆங்கில எழுத்து, நடுநடுவுல அரைப்புள்ளி. சார் என் முகத்தைப் பார்த்தார். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன்.

எழுத்தும் ஃபான்ட்டும் ஒண்ணா இருந்த காலம்

பாமினிங்கிற ஃபான்ட்ல 'தமிழ்'னு அடிக்கணும்னா ஜே, கே, பி, ஓ, கடைசியில ஒரு அரைப்புள்ளி அடிக்கணும். கம்ப்யூட்டருக்குள்ள சேமிப்பாகறதும் அதேதான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். ஆனா பாமினி ஃபான்ட்ல 'ஜே'ங்கிற இடத்துல 'த' படம் வரைஞ்சிருக்கும், 'கே' இடத்துல 'ம' இருக்கும். ஸ்கிரீன்ல பார்க்க அழகான தமிழ். ஃபான்ட்டை எடுத்துட்டா ஜே, கே, பி, ஓ.

அதாவது எழுத்து எதுங்கிற தகவலும், எழுத்து எப்படித் தெரியணும்ங்கிற தகவலும் பிரிக்க முடியாம ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சாஃப்ட்வேர்காரங்க இதை 'டைட் கப்ளிங்'னு சொல்வாங்க. ஒரு பாகத்தைத் தொட்டா இன்னொரு பாகமும் உடையும்.

இதைச் செஞ்சவங்களைக் குறை சொல்லாதீங்க. யூனிகோடோட முதல் பதிப்பு 1991-ல வந்தப்பவே அதுல தமிழ் இருந்துச்சு. ஆனா நம்ம வீட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு அது புரியணுமே? விண்டோஸுக்குள்ளயே யூனிகோடு தமிழ் வந்தது விண்டோஸ் 2000-லதான். அதுவரைக்கும் தமிழைத் திரையில காட்ட இந்தக் குறுக்கு வழியை விட்டா வேற வழி பெருசா இல்ல. அதனாலதான் 90-கள்ல தமிழ் வெப்சைட் ஒண்ணைத் திறந்தா, முதல்ல "எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்"னு ஒரு பட்டன் இருக்கும். அடுத்த சைட்டுக்குப் போனா அங்கே வேற ஃபான்ட், வேற பட்டன்.

1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட்99 மாநாடு நடந்துச்சு. தமிழ்99 கீபோர்டும், டாம், டாப்னு ரெண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளும் அங்கிருந்து வந்தவை. உலகத் தமிழர்கள் நடுவுல டிஸ்கினு இன்னொரு முறையும் புழக்கத்துல இருந்துச்சு. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டது 2010 ஜூன்ல, கோவை செம்மொழி மாநாட்டு நேரத்துல. 1991-ல இருந்து 2010 வரைக்கும் 19 வருஷம். சாரோட ஃபைல் அந்த இடைவெளிக்குள்ள பிறந்தது.

இடையில் கொஞ்சம் சாமைச் சோறு

மத்தியானம் சாப்பாடு அங்கேயே. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அம்மா பரிமாறிக்கிட்டே சொன்னாங்க: "இப்ப மில்லு இருக்கு சாமி. அப்பல்லாம் இந்தச் சோத்துக்கு எங்க கைதான்."

சாமையோட உமி அரிசியோட கெட்டியா ஒட்டியிருக்கும், லேசுல பிரியாது. உரல்ல போட்டு உலக்கையால குத்தி, முறத்துல புடைச்சு, திரும்பவும் குத்தணும். பெண்கள்தான் குத்துவாங்க, ஒரு வேளைச் சோத்துக்கு மணிக்கணக்கா ஆகும். சாமை குறைஞ்சதுக்கு மரவள்ளியோட விலை ஒரு காரணம்னா, இந்தக் கைவலி இன்னொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்ல இருந்து இந்த மலையில சிறுதானிய வேலை பண்ணுது. அவங்க கவனம் கொடுத்த விஷயங்கள்ல ஒண்ணு, உமி நீக்குற மில்லை ஊர்ப்பக்கத்துக்கே கொண்டுவர்றது.

அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க: "விதைக்கு வெக்கறதை உமியோடதான் வெக்கணும். உமி போனா முளைக்காது." இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

நாராயம்னா எழுத்தாணி

இப்போ ரெண்டாவது ஒட்டலுக்கு வருவோம். யூனிகோடு வந்ததும் எழுத்து ஃபான்ட்ல இருந்து பிரிஞ்சிடுச்சு. சரி, டைப் பண்றது?

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பர்ல ஆரம்பிச்சுது. ஒரு கட்டுரை எழுதணும்னா முதல்ல உங்க கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்க ஒரு சாஃப்ட்வேர் வேணும். முரசு அஞ்சல், அழகி, ஈ-கலப்பை, என்எச்எம் ரைட்டர்னு நல்ல கருவிகள் இருந்துச்சு. ஆனா பிரவுசிங் சென்டர்ல உக்காந்திருக்கிறவங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மதிய இடைவேளையில எழுதுறவங்க எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது. கட்டுரையைப் படிக்கலாம், ஒரு தப்பைக் கண்டுபிடிக்கலாம். திருத்த முடியாது.

இதுக்கு வழி, டைப் பண்ற வசதியை வெப்சைட்டுக்குள்ளயே வைக்கிறது. மலையாள விக்கிப்பீடியாவுல ஜுனைத் பி.வி. 'நாராயம்'னு ஒண்ணு எழுதினார். மலையாளத்துல நாராயம்னா ஓலைச்சுவடியில எழுதுற எழுத்தாணி. விக்கிப்பீடியா ஓடுற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் மீடியாவிக்கி. அதோட சேர்த்து மாட்டுற ஒரு எக்ஸ்டென்ஷன்தான் நாராயம். 2011 வாக்குல இந்திய மொழி விக்கிகளுக்கு அது பரவ ஆரம்பிச்சுது. கீபோர்டுல 'கே' தட்டினா 'க்' வரும். அடுத்து 'ஏ' தட்டினா புள்ளி போய் 'க' ஆகும். இன்னொரு 'ஏ' தட்டினா 'கா'. எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம்.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. கொல்லிமலைப் பழங்குடி மக்களுக்கும் பேர் 'மலையாளி'தான். கேரளத்துக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்ல, இவங்க பேசுறது தமிழ். கேரள மலையாளி செஞ்ச எழுத்தாணி கொல்லிமலை மலையாளிக்கும் வந்து சேர வேண்டியிருந்துச்சு. ஆனா வழியில ஒரு தடை.

நாராயம் மீடியாவிக்கியோட ஒட்டிப் பிறந்தது. அதோட ஸ்கிரிப்ட் மீடியாவிக்கியோட லோடர் மூலமாத்தான் பக்கத்துக்கு வரும், செட்டிங்ஸ் மீடியாவிக்கியோட பயனர் விருப்பங்கள்ல இருக்கும். நீங்க வேர்ட்பிரஸ்ல ஒரு கிராமத்து நூலகத்துக்கு சைட் நடத்துறீங்கன்னு வைங்க. நாராயத்துல இருக்கிற தமிழ் விதிகள் உங்களுக்கும் அப்படியே பொருந்தும், ஏன்னா 'க்'கும் 'ஏ'வும் சேர்ந்தா எந்த சைட்ல இருந்தாலும் 'க'தான். ஆனா எடுத்துப் போட முடியாது. மொழி அறிவு முழுக்க ஒரே ஒரு மென்பொருளோட வயித்துக்குள்ள மாட்டிக்கிச்சு.

மூணு துண்டு

2012-ல விக்கிமீடியா அறக்கட்டளையோட மொழித் தொழில்நுட்பக் குழு இதைப் பிரிக்க உக்காந்துச்சு. கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல், ஃபின்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் லாக்ஸ்ட்ரோம் எல்லாம் அந்தக் குழுவுல இருந்தாங்க. திட்டத்துக்கு அவங்க வச்ச பேர் 'மில்க்‌ஷேக்'. மீடியாவிக்கிக்குள்ள இருந்த மொழி வசதிகளை ஒவ்வொண்ணா வெளியே எடுத்து, எந்த வெப்சைட்டும் பயன்படுத்துற ஜேக்வெரி லைப்ரரிகளா மாத்துறதுதான் திட்டம். டைப் பண்றதுக்கு ஒண்ணு, ஃபான்ட் அனுப்புறதுக்கு ஒண்ணு, மொழியைத் தேர்ந்தெடுக்க ஒண்ணு, மொழிபெயர்த்த வாசகங்களைக் காட்ட ஒண்ணு.

டைப் பண்ற லைப்ரரி பேர் ஜேக்வெரி ஐஎம்ஈ. நாராயத்தை எங்கே அறுத்தாங்கங்கிறதை இதுல பார்க்கலாம். முதல் துண்டு, விதிகள்: எந்த விசைக்கு எந்த எழுத்துங்கிற பட்டியல், ஒவ்வொரு முறைக்கும் தனி ஃபைல். தமிழுக்கு எழுத்துப்பெயர்ப்பு, தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், பாமினின்னு தனித்தனியா இருக்கு. ரெண்டாவது துண்டு, இன்ஜின்: விசை அழுத்தினதும் விதியைப் பார்த்து எழுத்தை மாத்துறது. இன்ஜினுக்குத் தமிழும் தெரியாது, மீடியாவிக்கியும் தெரியாது. மூணாவது துண்டு, அந்தந்த சைட்டோட இணைக்கிற மெல்லிசான ஒட்டு.

இதனால என்ன ஆச்சு? தமிழ்99-ல ஒரு தப்புன்னா அந்த ஒரு ஃபைலைத் திருத்தினா போதும், குஜராத்திக்கு எதுவும் ஆகாது. நீங்க தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தா அந்த ஃபைல் மட்டும் இறங்கும், மத்த மொழிகளோட பாரம் உங்க டேட்டாவைத் தின்னாது. முக்கியமா, லைசென்ஸ். மீடியாவிக்கி ஜிபிஎல் உரிமத்துல இருக்கு. இந்த லைப்ரரிகளை ஜிபிஎல் அல்லது எம்ஐடி, எது வேணுமோ எடுத்துக்கோங்கன்னு ரெண்டு உரிமத்துலயும் கொடுத்தாங்க. கோடைப் பிரிச்சும் சட்டம் ஒட்டிக்கிட்டு இருந்தா அது பாதிப் பிரிவுதானே?

2014-ல இதே மாதிரி இன்னொண்ணும் நடந்துச்சு. 'தொகு', 'சேமி' மாதிரி மீடியாவிக்கி காட்டுற வாசகங்கள் அதுவரைக்கும் பிஎச்பி ஃபைல்கள்ல, அதாவது ஓடுற நிரலாவே இருந்துச்சு. அதையெல்லாம் ஜேசான்ங்கிற வெறும் தரவு ஃபைல்களுக்கு மாத்தினாங்க. மொழிபெயர்ப்பு தனி, நிரல் தனி.

ஒரே சுவிட்ச்

இப்போ இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பிடிச்சதுக்குக் காரணம், இங்கே அவங்க சறுக்கினாங்க.

2013 நடுவுல நாராயத்தை எடுத்துட்டு, இந்த லைப்ரரிகளையெல்லாம் கட்டி ஒரே எக்ஸ்டென்ஷனா விக்கிகள்ல போட்டாங்க. பேர் யுனிவர்சல் லாங்குவேஜ் செலக்டர். உள்ளே டைப் பண்றது தனி லைப்ரரி, ஃபான்ட் அனுப்புறது தனி லைப்ரரி. புத்தகத்துல சொன்ன மாதிரி சுத்தமான பிரிவு.

2014 ஜனவரி. சில விக்கிகள்ல பக்கங்கள் மெதுவா திறக்குதுன்னு சர்வர்களைப் பார்த்துக்கிற குழு கண்டுபிடிச்சுது. காரணம் ஃபான்ட். படிக்க வர்றவங்களுக்கெல்லாம் சைட்டே ஃபான்ட்டை அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. உடனே நிறுத்தணும். ஆனா நிறுத்துறதுக்கு இருந்த சுவிட்ச் ஒண்ணே ஒண்ணு, மொத்த எக்ஸ்டென்ஷனுக்கும் சேர்த்து. பல விக்கிகள்ல அதை அணைச்சாங்க. ஃபான்ட்டோட சேர்ந்து கீபோர்டும் போச்சு. வேணும்ங்கிறவங்க லாகின் பண்ணி, செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணிக்கணும். லாகின் பண்ணாம எழுதுறவங்களுக்கு அதுவும் இல்ல. கீபோர்டு மேல எந்தப் புகாரும் கிடையாது. ஃபான்ட்டோட ஒரே கூரைக்குக் கீழ இருந்துச்சு, அவ்வளவுதான்.

கொஞ்ச நாள்ல திரும்பிக் கொண்டுவந்தாங்க. இந்தத் தடவை ஃபான்ட்டுக்குன்னு தனியா ஒரு டிக் பாக்ஸ். அது இயல்பா அணைஞ்சிருக்கும், வேணும்னா போட்டுக்கலாம். கீபோர்டு அது பாட்டுக்கு ஓடும்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது இதுதான்: கோடை வேற வேற ஃபோல்டர்ல வைக்கிறது பிரிவினையோட ஆரம்பம் மட்டும்தான். ஒண்ணு கெட்டா அதை மட்டும் அணைக்க முடியுதா? முடியலைன்னா இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. உங்கள்ல டெவலப்பரா வேலை பார்க்கிறவங்க நாளைக்கு ஆபீஸ் போய் உங்க சிஸ்டத்துகிட்ட இதைக் கேட்டுப் பாருங்க.

'மப' என்றால் என்ன?

திரும்ப மலைக்கு வருவோம். சாரோட ஃபைலை பாமினியில இருந்து யூனிகோடுக்கு மாத்தணும். சுரதா யாழ்வாணன் உருவாக்கின 'பொங்குதமிழ்' மாதிரியான மாற்றிகள் இதுக்குன்னே வந்தவை. அந்த மாதிரி ஒரு மாற்றியில நாலு பக்கத்தையும் ஒட்டி, பட்டனை அமுக்கினேன். தமிழ் வந்துடுச்சு. சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு சத்தமா படிக்க ஆரம்பிச்சார்.

"ஏக்கருக்கு 4 மப. மபன்னா என்ன தம்பி?"

கொஞ்ச நேரம் முழிச்சேன். கிலோவுக்கு அவர் ஆங்கிலத்துல 'கேஜி'ன்னு போட்டிருக்கார். பாமினியில 'கே' ம, 'ஜி' ப. நான் எழுத்தை மட்டும் காப்பி பண்ணினதால, எது ஆங்கிலம், எது தமிழ்னு சொன்ன ஒரே தகவல், அதாவது அந்த இடத்துல எந்த ஃபான்ட் இருந்துச்சுங்கிறது, வழியிலயே விழுந்துடுச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அடுத்தது சிரிக்க முடியல. பட்டியல்ல 'குட்டவெட்டி'ன்னு ஒரு சாமை. சார் தலையை ஆட்டினார். "கட்டவெட்டி. நானே அடிச்சது." கீழே 'துினை'ன்னு ஒரு வரி, 'சுாமை'ன்னு ஒரு வரி. எல்லாம் வரியோட முதல் எழுத்துலதான். யோசிச்சுப் பார்த்தா புரிஞ்சுது. நடுவுல யாரோ ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல இதைத் திறந்திருக்காங்க. ஆங்கிலம்னு நினைச்சு, பார்க்க ஒழுங்கா இருக்கட்டும்னு, ஒவ்வொரு வரியோட முதல் எழுத்தையும் கேப்பிட்டல் ஆக்கி சேவ் பண்ணியிருக்காங்க. பாமினியில சின்ன 'எஃப்' க, பெரிய 'எஃப்' கு. சின்ன 'ஜே' த, பெரிய 'ஜே' து. உதவி பண்ண நினைச்ச ஒருத்தர், தனக்கே தெரியாம ரகங்களோட பேரை மாத்திட்டார்.

'துினை'யைத் திருத்திடலாம், அப்படி ஒரு எழுத்தே கிடையாது. 'குட்டவெட்டி'யை சாரோட ஞாபகம் திருத்துச்சு. சாயங்காலம் வரைக்கும் உக்காந்து ஒவ்வொண்ணா பார்த்தோம். கடைசியில ஒரு பேர் மட்டும் நின்னுடுச்சு. முதல் எழுத்து 'ம'வா 'மு'வா? ரெண்டும் பேர் மாதிரிதான் இருக்கு. சொன்ன பாட்டி இப்போ இல்ல. எழுதிட்டு வந்த பையன் திருப்பூர்ல இருக்கானாம், போன் பண்ணிக் கேட்டோம். அவனுக்கு ஞாபகம் இல்ல. சார் அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடச் சொன்னார்.

இனிமே திருத்தறதுக்கு என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு, நான் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து, யார் வேணாலும் எழுதிப் பார்க்கிற மணல்தொட்டிப் பக்கத்தைக் காட்டினேன். எழுத்துப்பெயர்ப்பு, தமிழ்99 ரெண்டையும் பார்த்துட்டு சார் கையைப் பின்னாடி இழுத்துக்கிட்டார். "இந்த வயசுல புதுசா விரல் பழகாது தம்பி." அப்புறம் மெனுவுல மூக்குக்கண்ணாடி வழியா பார்த்து, "பாமினி இருக்குதே!"ன்னார்.

அதைத் தேர்ந்தெடுத்தார். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஸ்கிரீன்ல 'தமிழ்'. இது யூனிகோடு. எந்த ஃபான்ட்ல திறந்தாலும், எந்த போன்ல திறந்தாலும் தமிழ்தான். முதல் எழுத்தைக் கேப்பிட்டல் ஆக்குறேன்னு யாராலும் இதைக் கெடுக்க முடியாது. விரல் பழைய விரல், விசை பழைய விசை. விதி தனி ஃபைலா இருக்கிறதாலதான் பாமினி பழக்கத்தைக் காப்பாத்திக்கிட்டு, பாமினி சிக்கலை மட்டும் விட முடிஞ்சுது.

அம்மா சொன்ன விதை விஷயத்தை ஞாபகம் வச்சிருக்கீங்களா? அந்தப் பழைய ஃபைலை நான் அழிக்கல. மாத்தினதுல எங்க தப்புன்னு கண்டுபிடிக்க, ஃபான்ட் தகவலோட இருந்த அந்த மூல ஃபைல்தான் உதவுச்சு. உங்க வீட்லயும் தாத்தாவோட கவிதை, அப்பாவோட கடிதம்னு பழைய ஃபான்ட்ல எங்கயாவது கிடக்கும். யூனிகோடுக்கு மாத்துங்க. மூலத்தையும் அப்படியே ஒரு காப்பி வைங்க. அடிச்சவங்க பக்கத்துல இருக்கும்போதே உக்காந்து ஒரு தடவை படிச்சுப் பார்த்துடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.